கபுகி நடிகர் படங்களில் இருப்பது யாருடைய முகம்?

நீங்கள் கேட்டிருப்பது முக்கியமாக இரண்டு கேள்வி. உங்கள் அண்ணன் டோக்கியோவிலிருந்து கொண்டுவந்த மரச்செதுக்கு அச்சுப் படத்தில் வளைந்த மூக்கும் நெருங்கிய மாறுகண்ணுமாக, கபுகி என்ற பழைய ஜப்பானிய நாடக வகையின் நடிகர் ஒருவர் இருக்கிறார், அவர் யார் என்பது ஒன்று. இணையத்தில் தேடினால் எல்லா நடிகர் படங்களிலும் அதே மாறுகண், அதே இறுகிய வாய். அப்படியென்றால் இவை நிஜ மனிதர்களின் முகங்களா, முகமூடி மாதிரி வரைந்து வைத்த பொது முகங்களா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கான வழி இரண்டாவதில்தான் இருக்கிறது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். மரச்செதுக்கு அச்சைக் கையால் செய்து பழகியவன் நான். பழைய அச்சுத் தாள்களைப் பராமரிக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். தாள், கட்டை, சாயம் பற்றி உறுதியாகப் பேச முடியும். படங்களின் மேல் இருக்கும் பழைய ஜப்பானியக் கையெழுத்தை வாசிக்க வேண்டிய இடத்தில் அந்தத் துறை அறிஞர்கள் சொன்னதைத்தான் நம்பியிருக்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், முகம் நடிகருடையது, அந்த முகத்தில் இருக்கும் முறுக்கு வேடத்துடையது. இரண்டும் சேர்ந்து தெரிய வேண்டும் என்றுதான் எடோ நகரத்து ரசிகர்கள், அதாவது இன்றைய டோக்கியோவின் அன்றைய மக்கள், காசு கொடுத்து இவற்றை வாங்கினார்கள்.

மாறுகண்ணை முதலில் பார்த்துவிடலாம். கபுகியில் காட்சி உச்சத்துக்கு வரும்போது நடிகர் ஒரு நிலையில் அப்படியே உறைந்து நிற்பார். தலையை ஒரு சுழற்றுச் சுழற்றி நிறுத்துவார், வாயை இறுக்குவார், ஒரு கண்ணை நேரே வைத்துக்கொண்டு மற்றதை மூக்குப் பக்கம் இழுப்பார். மேடை ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்து இரண்டு மரக்கட்டைகளைப் பலகையில் ஓங்கி அடிப்பார். இந்த நிலைக்கு மியே என்று பெயர். அந்த நொடியில் பார்வையாளர்கள் கத்துவது கதாபாத்திரத்தின் பெயரை இல்லை, நடிகரின் குடும்ப அடையாளப் பெயரை. டன்ஜூரோ என்ற புகழ்பெற்ற நடிகர் வம்சத்தவர் என்றால் 'நாரிதாயா!' என்ற கூவல் எழும். கதையின் உச்சத்தில் நிற்கும் அந்த ஆளைப் பார்த்து நடிகரின் வீட்டுப் பெயரைக் கூப்பிடுகிறார்கள் என்றால், அவர்கள் இருவரையும் ஒருசேரப் பார்க்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? படம் பதிவு செய்வதும் அதைத்தான். ஓவியர் ஓடும் காட்சியைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கவில்லை, மேடையே அதை நிறுத்திக் கொடுத்தது.

ஆனால் ஆரம்பத்திலிருந்தே முகச்சாயல் இருந்ததா என்றால், இல்லை. நடிகர் படங்களைப் பெரிய தொழிலாக ஆக்கியது தோரீ குடும்பம். தோரீ கியோநோபு (1664-1729) எடோவின் நாடகக் கொட்டகைகளுக்கு விளம்பரப் பலகை வரைந்தவர்; அதே கைதான் அச்சுப் படங்களிலும் தெரிகிறது. சுரைக்காய் போல உருண்டு திரண்ட கால்கள், மண்புழு நெளிவது போலத் தடித்தும் மெலிந்தும் ஓடும் கோடுகள் என்று ஜப்பானியர்களே அந்தப் பாணியை வர்ணிப்பார்கள். முதலாம் இச்சிகாவா டன்ஜூரோ (நடிகர் பெயர்கள் தலைமுறை தலைமுறையாக வருபவை, எண் அதைத்தான் குறிக்கிறது) எடோ மேடைக்குக் கொண்டுவந்த ஆவேச நடிப்புக்கு அது சரியாகப் பொருந்தியது. அந்தப் படங்களில் உடம்பு முழுக்கச் சக்தி இருக்கும், முகம் மட்டும் யாருடையதாகவும் இருக்கலாம். ஆளை அடையாளம் காட்டியது சட்டைக் கையில் இருக்கும் குடும்பச் சின்னம்தான். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரங்கள் இருந்தால் டன்ஜூரோ வம்சம் (அரிசி அளக்கும் மூன்று படிகளை மேலிருந்து பார்த்த வடிவம் அது). பட்டுப் பஞ்சுப் பொதியைக் கட்டிவைத்த வடிவம் என்றால் செகாவா கிகுநோஜோ. சின்னத்தை மாற்றினால் ஆள் மாறிவிடுவார், அவ்வளவுதான்.

முகம் வந்து சேர்ந்தது 1760களின் பின்பாதியில். 1765 வாக்கில் பல கட்டைகளை வைத்து முழு வண்ணத்தில் அச்சடிக்கும் முறை எடோவில் நிலைபெற்றது. அதே காலத்தில் கத்சுகாவா ஷுன்ஷோ, இப்பித்சுசாய் புன்ச்சோ என்ற இரண்டு ஓவியர்கள் நடிகர்களின் நிஜ முகச்சாயலை வரைய ஆரம்பித்தார்கள். இருவரும் சேர்ந்து 1770இல் ஒரு படப் புத்தகம் வெளியிட்டார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு விசிறி வடிவம், அதற்குள் ஒரு நடிகரின் மார்பளவுப் படம். ரசிகருக்கு இனி சின்னத்தைத் தேட வேண்டிய அவசியம் இல்லை. ஒட்டிய கன்னம் யாருடையது, சப்பை மூக்கு யாருடையது என்று தெரிந்துவிடும். ஷுன்ஷோவின் நடிகர் படங்கள் பெரும்பாலும் ஒல்லியான நீளத் தாளில் வந்தவை, சுமார் 33 சென்டிமீட்டர் உயரம், 15 சென்டிமீட்டர் அகலம். விலை மலிவு, வாங்கிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். அவரிடம் மாணவராகச் சேர்ந்த ஒரு இளைஞர் 1779இல் ஷுன்ரோ என்ற பெயரில் நடிகர் படங்கள் வரைந்து தன் வாழ்க்கையைத் தொடங்கினார். பிற்பாடு பெரிய அலையையும் ஃபுஜி மலையையும் வரைந்த ஹொக்குசாய் அவர்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாயல் என்றால் கேமரா மாதிரி எடுத்த படம் இல்லை. ஒவ்வொரு நடிகருக்கும் இரண்டு மூன்று அடையாளங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றை எல்லா ஓவியர்களும் பொதுவில் வைத்துக்கொண்டார்கள். உதாகாவா தொயோகுனி என்ற ஓவியர் 1817இல் நடிகர்களின் சாயலை வரையப் பழகுவதற்கென்றே ஒரு கையேடு வெளியிட்டார். வீட்டில் இருக்கும் ரசிகரும் தூரிகை எடுத்துத் தனக்குப் பிடித்த நடிகரை வரைந்து பார்க்கலாம் என்ற அளவுக்கு அந்த முகங்கள் வாய்பாடாகிவிட்டன. அதனால்தான் உங்களுக்கு 'எல்லாம் ஒரே மாதிரி' என்று தோன்றுகிறது. பழகாத கண்ணுக்கு வாய்பாட்டின் பொதுப் பகுதிதான் முதலில் தெரியும்: நீண்ட முகம், ஒரே வீச்சில் இழுத்த மூக்குக் கோடு, கீழே இறங்கிய உதடு. ஒரே நடிகரை வெவ்வேறு ஓவியர்கள் வரைந்த பத்துப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தானாகப் பிடிபட்டுவிடும். அப்புறம் சின்னத்தை மறைத்தாலும் பெயர் சொல்லலாம்.

இதற்கு எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த உதாரணம் ஐந்தாம் மாத்சுமோத்தோ கோஷிரோ (1764-1838). வில்லன் வேடங்களில் எடோவையே நடுங்கவைத்தவர். பருந்து அலகு போல வளைந்து இறங்கும் பெரிய மூக்கு. 'மூக்கு நீண்ட கோஷிரோ' என்றே ஊரில் பெயர். கண்கள் சிறியவை, நெருக்கமானவை. புருவத்துக்கு மேல் ஒரு மச்சம். பக்கவாட்டில் திரும்பிய முகமாக அவரை வரைவதை ஓவியர்கள் ஆசையாகச் செய்திருக்கிறார்கள், மூக்கு அப்போதுதான் முழுசாகத் தெரியும் என்பதால். அவருடைய பேர்பெற்ற வேடங்களில் ஒன்று நிக்கி டன்ஜோ. எலியாக உருமாறித் திரியும் மந்திரக்காரச் சதிகாரன், பார்வையாளர்களின் நடுவே ஓடும் மேடைப்பாதையில் இருக்கும் பொறிக்கதவு வழியாக, வாயில் சுருட்டிய தாளைக் கவ்விக்கொண்டு மேலெழுந்து வருவான். கோஷிரோ இறந்து 180 வருடங்களுக்கு மேலாகிவிட்டது. இன்றும் அந்த வேடம் போடும் நடிகர்கள் அவர் நினைவாகப் புருவத்துக்கு மேல் ஒரு மச்சத்தை வரைந்துகொள்கிறார்கள். ஒரு தனி மனிதரின் தோலில் தற்செயலாக இருந்த புள்ளி வேடத்தின் ஒப்பனையாகிவிட்டது. நடிகருடைய முகமா, வேடத்தின் முகமா என்ற உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியாது. உங்கள் படத்தில் இருப்பவர் இவராக இருக்கலாம் என்ற சந்தேகமும் எனக்கு இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சரி, நீங்கள் இணைப்புக் கொடுத்திருந்த அந்தப் புகழ்பெற்ற படம், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு முறைக்கும் ஆள். அது தோஷூசாய் ஷராக்கு 1794இல் வரைந்தது. இருப்பவர் மூன்றாம் ஒதானி ஒனிஜி, வேடம் எடோபெய் என்ற அடியாள். அந்த ஆண்டு ஐந்தாம் மாதம் கவாராசாகி கொட்டகையில் நடந்த நாடகத்தில், 300 ர்யோ பணத்தோடு வரும் இப்பெய் என்ற வேலைக்காரனை மடக்கி எடோபெய் பறிக்கப் பார்க்கும் கட்டம். இப்பெய்யாக நடித்த இச்சிகாவா ஓமேசோவையும் ஷராக்கு தனித்தாளில் வரைந்திருக்கிறார். இரண்டையும் எதிரெதிரே வைத்தால் ஒருவன் பாய்கிறான், ஒருவன் வாளை உருவுகிறான்.

ஒனிஜி படத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். தாடை கழுத்தைவிட்டு முன்னே தள்ளி நிற்கிறது. உதடு இரு பக்கமும் கீழே வளைந்த ஒற்றைக் கோடு. கண்ணில் விழி மிளகு அளவுக்குத்தான் இருக்கிறது. முகத்தில் நிழல் எதுவும் கிடையாது. நடிகர் பூசிய வெள்ளைக்குத் தாளின் வெண்மையே போதுமாக இருக்கிறது. கைகள்தான் விசித்திரம். ஆடையின் மார்புத் திறப்பிலிருந்து திடீரென்று முளைத்த மாதிரி வருகின்றன, உடம்போடு ஒத்துவராத சிறிய கைகள், விரல்கள் இயற்கையாக மடங்கவில்லை. உடற்கூறு தெரிந்தவர் தப்பு என்பார். ஆனால் முகத்தை மட்டும் மறைத்துக் கைகளைப் பாருங்கள், அங்கே பேராசை தெரியும். பின்னணி கரும் சாம்பலாக மின்னும். மையடித்த பரப்பின் மேல் அப்பிரகப் (மைக்கா) பொடியைப் பசையோடு ஏற்றுவார்கள். கையில் பிடித்துச் சாய்த்தால் மேடை விளக்கில் பார்ப்பது போல உருவம் முன்னே வரும். கணினித் திரையில் அது செத்த சாம்பல் நிறமாகத்தான் தெரிகிறது, அது பெரிய இழப்பு. பழைய பிரதிகளில் அப்பிரகம் உதிர்ந்தும் போயிருக்கும். அதைச் சுத்தம் செய்யப் பார்க்கவே கூடாது.

ஷராக்குவைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவை குறைவு. 1794 ஐந்தாம் மாதத்தில் ஒரே வீச்சில் 28 பெரிய மார்பளவுப் படங்கள் வந்தன, எல்லாம் அப்பிரகப் பின்னணியோடு. வெளியிட்டவர் த்சுதாயா ஜூசாபுரோ. 1795இன் தொடக்கத்தோடு எல்லாம் நின்றுவிட்டது. இடைப்பட்ட பத்து மாதங்களில் 140க்கும் மேற்பட்ட படங்கள். அதற்கு முன்னும் பின்னும் அந்தப் பெயரில் அச்சுப் படம் இல்லை. பெயர் தெரியாத ஒருவரை நம்பி இவ்வளவு செலவுமிக்க அச்சில் இறங்கிய த்சுதாயா அப்போது நல்ல நிலையில் இருந்தவர் இல்லை. அரசின் கட்டுப்பாட்டை மீறிய கதைப் புத்தகங்களை வெளியிட்டதற்காக 1791இல் அவருடைய சொத்தில் பாதியை அபராதமாகப் பறித்திருந்தார்கள். நாடகக் கொட்டகைகளும் நொடித்திருந்த நேரம் அது. எடோவின் உரிமம் பெற்ற மூன்று கொட்டகைகளும் கடனில் மூடிக் கிடக்க, அவற்றுக்குப் பதிலாக மியாகோ, கிரி, கவாராசாகி என்ற மாற்றுக் கொட்டகைகள்தான் நாடகம் போட்டுக்கொண்டிருந்தன. ஷராக்குவின் முதல் 28 படங்களும் இந்த மூன்றிலும் அந்த மாதம் நடந்த நாடகங்களைச் சேர்ந்தவை.

இனி சந்தேகத்துக்குரிய பகுதி. ஷராக்கு யார்? 1844இல் எடோ அறிஞர் சாய்தோ கெஷ்ஷின், ஷராக்கு என்பவர் எடோவின் ஹத்சோபோரி பகுதியில் வசித்த சாய்தோ ஜூரோபெய், ஆவா பிரபுவிடம் பணியாற்றிய நோ (கபுகியைவிடப் பழைய இன்னொரு நாடக வகை) நடிகர் என்று எழுதிவைத்தார். ஷராக்கு காலத்துக்கு ஐம்பது ஆண்டுகள் கழித்து எழுதியது என்பதால் பலர் நம்பவில்லை, ஹொக்குசாய் முதல் த்சுதாயா வரை ஆளாளுக்கு ஒரு பெயரை முன்வைத்தார்கள். 1997இல் கோஷிகாயாவில் உள்ள ஒரு புத்த கோயிலின் இறப்புப் பதிவேட்டில் அந்த சாய்தோ ஜூரோபெய் 1820இல் 58 வயதில் இறந்ததாகப் பதிவு கிடைத்தது. அப்படி ஒரு நோ நடிகர் இருந்தார் என்பதை இது நிரூபிக்கிறது. அவர்தான் ஷராக்கு என்பதை இது மட்டும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் இன்று பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் அவர் பக்கம்தான் நிற்கிறார்கள், நானும் அதில் குறை காணவில்லை. 2008இல் கிரேக்கத்தின் கோர்ஃபூ தீவு அருங்காட்சியகத்தில் ஷராக்கு கையெழுத்துள்ள, கையால் வரைந்த விசிறி ஓவியம் ஒன்று தெரியவந்தது. அதில் இருக்கும் நாடகக் காட்சி 1795 ஐந்தாம் மாதத்தைச் சேர்ந்தது என்று கணித்திருக்கிறார்கள். அது சரியென்றால், அச்சுப் படங்கள் நின்ற பிறகும் ஆள் வரைந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

ஏன் நின்றுபோனது என்பதற்கு ஓதா நான்போ என்ற சமகால எழுத்தாளர் ஒரு காரணம் எழுதியிருக்கிறார். ஷராக்கு நடிகர்களின் சாயலை வரைந்தார், ஆனால் உண்மையை அளவுக்கு மீறி வரையப்போய் இயல்பு கெட்டது, அதனால் ஓரிரு ஆண்டில் முடிந்துவிட்டது என்பது அதன் சாரம். இதை வைத்துக்கொண்டு ஷராக்கு உடனே தோற்றுவிட்டார் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழு ஒப்புதல் இல்லை. முதல் தொகுதி அடியோடு விற்காமல் போயிருந்தால் த்சுதாயா அடுத்தடுத்து நூறுக்கும் மேல் ஏன் அச்சடிக்க வேண்டும்? அதே நேரம், பின்னால் வந்தவை பெரும்பாலும் சிறிய தாளில், அப்பிரகத்தின் மின்னல் இல்லாமல், முகத்தின் கூர்மையும் குறைந்து வந்தன என்பதும் உண்மை. செலவைக் குறைத்திருக்கிறார்கள். இதற்கு மேல் சொல்வதெல்லாம் ஊகம்.

நான்போ சொன்ன 'அளவுக்கு மீறிய உண்மை' என்ன என்பதைப் பெண் வேடப் படங்களில் பார்க்கலாம். 1629இல் பெண்கள் மேடையேறுவதை அரசு தடை செய்தது, 1652இல் இளம் பையன்கள் நடிப்பதையும் தடுத்தது. அதன் பிறகு பெண் வேடங்களை வளர்ந்த ஆண்களே செய்தார்கள். முன்மண்டையைச் சிரைக்க வேண்டும் என்ற விதி இருந்ததால் அந்த இடத்தை ஊதாத் துணியால் மறைத்துக்கொள்வார்கள். படத்தில் ஒரு பெண்ணின் நெற்றிக்கு மேல் ஊதா நிறப் பட்டை தெரிந்தால் அது பெண் வேடமிட்ட நடிகர் என்று பிடித்துவிடலாம். மற்ற ஓவியர்கள் இவர்களை அழகிகளாகவே வரைந்தார்கள். ஷராக்குவின் இரண்டாம் செகாவா தோமிசாபுரோவைப் பாருங்கள். ஒரு சாமுராயின் மனைவி வேடம். கனத்த தாடை, சிறிய கண், இறுகிய உதடு. பட்டாடைக்குள் வயதாகிக்கொண்டிருக்கும் ஒரு ஆண் இருப்பது தெரிகிறது. அந்த நடிகரின் ரசிகர் இதை வாங்கி வீட்டில் மாட்ட விரும்பியிருப்பாரா? சந்தேகம்தான். ஆனால் தோமிசாபுரோ எப்படிப்பட்டவர் என்று எனக்குக் காட்டியது அந்த ஒரு படம் மட்டும்தான். சில்லறை வேட நடிகர்களுக்கும் ஷராக்கு அதே மரியாதையைக் கொடுத்திருக்கிறார். நகாஜிமா வதாஎமோன் என்ற ஒல்லி நடிகரையும் நகாமுரா கோநோசோ என்ற தடித்த நடிகரையும் ஒரே தாளில் சேர்த்து வரைந்த படம் அதற்குச் சாட்சி. வியாபாரக் கணக்குப் பார்த்தால் அவர்களுக்கு இடமே இருந்திருக்காது.

அதே 1794இல் போட்டி வெளியீட்டாளர் இசுமியா இச்சிபெய்யிடம் தொயோகுனி முழு உருவ நடிகர் படங்களை வெளியிட ஆரம்பித்திருந்தார். அழகான நிற்கும் கோலம், சாயலும் இருக்கும், நடிகர் மனம் கோணவும் மாட்டார். சந்தை அவர் பக்கம் போனது. அவருடைய மாணவர் குனிசாதா (1786-1865) வாழ்நாளில் இருபதாயிரத்துக்கும் மேல் படங்கள் வடித்திருப்பார் என்று கணக்கிடுகிறார்கள், அதில் பெரும்பங்கு நடிகர்கள். இன்று கடைகளில் கிடைக்கும் பழைய நடிகர் படங்களில் ஏராளமானவை இந்த உதாகாவா பள்ளியைச் சேர்ந்தவை. விலையும் அன்றைக்குப் பெரிதில்லை. எடோவில் ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் 16 மோன் (அன்றைய சில்லறைக் காசு) என்றால், பெரிய அளவு வண்ணப் படம் ஒன்று 20 மோன் அளவில் கிடைத்தது.

மேடையில் பார்த்ததை வரைந்தார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். எப்போதும் இல்லை. நாடகம் தொடங்கும் நாளில் படம் கடையில் தொங்க வேண்டும் என்றால் முன்கூட்டியே வேலை ஆரம்பித்தாக வேண்டும். ஓவியர் மெல்லிய தாளில் கொடுக்கும் கோட்டோவியத்தைச் செர்ரி மரக் கட்டையில் கவிழ்த்து ஒட்டி, ஒவ்வொரு கோட்டின் இரு பக்கமும் வெட்டியெடுப்பார் செதுக்குபவர். முகத்தையும் நெற்றியோர முடியையும் பட்டறையின் மூத்த கைதான் தொடும். அப்புறம் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டை. எல்லாவற்றிலும் மூலையில் ஒரு அடையாள வெட்டு இருக்கும், தாளை அதில் வைத்தால்தான் நிறம் கோட்டுக்குள் விழும். இதற்கெல்லாம் நாள் பிடிக்கும் என்பதால், நடிகர் பட்டியல் அறிவிப்பு வந்ததுமே ஊகித்து வரைந்துவிடுவார்கள். கடைசி நேரத்தில் நடிகர் மாறினால் கட்டையில் தலை இருக்கும் இடத்தை மட்டும் தோண்டி, வேறு தலை செதுக்கிய மரத்துண்டைச் செருகி அச்சடித்த படங்களும் உண்டு. ஆகவே ஒரு படத்தில் இருக்கும் ஆடையையும் நிலையையும் வைத்து 'மேடையில் இப்படித்தான் இருந்தது' என்று சாதிக்கக் கூடாது. முகத்தை நம்பலாம், காட்சியைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முகம் எவ்வளவு பலமான அடையாளமாகிவிட்டது என்பதை 1842இல் வந்த தடை காட்டியது. சிக்கனச் சட்டங்களின் பகுதியாக அரசு நடிகர் படங்களையே தடை செய்தது. ஆடம்பரமாக வாழ்ந்தார் என்று, அப்போது எபிசோ என்ற பெயரில் இருந்த ஏழாம் டன்ஜூரோவை எடோவிலிருந்து வெளியேற்றினார்கள். கொட்டகைகளை நகர மையத்திலிருந்து அசாகுசா பக்கம் தள்ளினார்கள். வெளியீட்டாளர்கள் என்ன செய்தார்கள்? நடிகரின் பெயரை எடுத்துவிட்டு, பழைய வீரர் என்றோ கதை நாயகன் என்றோ தலைப்பிட்டு, முகத்தை மட்டும் அப்படியே வரைந்தார்கள். பெயர் இல்லாமலே ஊருக்குத் தெரிந்தது. 1848 வாக்கில் உதாகாவா குனியோஷி ஒரு படி மேலே போனார். சேமிப்புக் கிடங்கின் சுவரில் யாரோ ஆணியால் கீறிவைத்த கிறுக்கல்கள் போல நடிகர் முகங்களை வரைந்து, நடுவில் ஆடும் பூனை ஒன்றையும் வைத்து வெளியிட்டார். பிள்ளைகள் கிறுக்கிய மாதிரி கோணல் கோடுகள்தான், ஆனால் எந்தக் கிறுக்கல் எந்த நடிகர் என்று ரசிகர்கள் சொல்லிவிடுவார்கள். குனியோஷியின் கையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அது.

மரணத்தைச் சொல்லும் படங்களும் உண்டு. பேர்பெற்ற நடிகர் இறந்தால் சில நாட்களுக்குள் அவருடைய முகத்தோடு இறந்த தேதி, புத்த சமயப்படி வைத்த மரணப் பெயர், அடக்கம் செய்த கோயில் எல்லாம் அச்சாகி வரும். பெரும்பாலும் வெளிர் நீல உடையில் இருப்பார். 1854இல் எட்டாம் டன்ஜூரோ ஒசாகாவில் தற்கொலை செய்துகொண்டபோது நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. ஒசாகாவுக்கென்று தனி நடிகர் பட மரபும் இருந்தது. அங்கே நடிகர் படங்களைத் தவிர மற்றவை மிகக் குறைவு, வரைந்தவர்களில் பலர் தொழில் ஓவியர்கள் இல்லை, தீவிர ரசிகர்கள்.

இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன். வளைந்த மூக்கு, நெருங்கிய கண் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஐந்தாம் கோஷிரோதான் நினைவுக்கு வந்தார். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் மங்கலான ஒரு புகைப்படத்தை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. புருவத்துக்கு மேல் மச்சம் இருக்கிறதா பாருங்கள். சட்டைக் கையில் பூ வரைந்த நான்கு சாய்சதுரங்கள் சேர்ந்த சின்னம் இருந்தால் கோஷிரோ வம்சம் என்பது கிட்டத்தட்ட உறுதி. ஆனால் பெயர் பல தலைமுறைக்கு வழிவழியாக வருவது, ஒரே ஆளும் பெயர் மாற்றிக்கொள்வார். அந்த ஒனிஜியே 1794 பதினோராம் மாதத்தில் இரண்டாம் நகாமுரா நகாசோ ஆகிவிட்டார். எந்தத் தலைமுறை என்பதை, படத்தை அச்சிட அனுமதி கிடைத்ததைக் காட்டும் தணிக்கை முத்திரைதான் பெரும்பாலும் தீர்க்கும். 1790களிலிருந்து 1842 வரை ஒரே ஒரு எழுத்து உள்ள சின்ன வட்ட முத்திரை. அதன் பிறகு தணிக்கை அதிகாரிகளின் பெயர் முத்திரைகள். 1852 முதல் ஆண்டுக்குரிய விலங்கின் (பன்னிரண்டு விலங்குகள் ஆண்டுக்கு ஒன்றாகச் சுழன்று வரும்) எழுத்தும் மாத எண்ணும் சேர்ந்த முத்திரை. அது இருந்தால் மாதம் வரைக்கும் சொல்லலாம். முத்திரையே இல்லையென்றால் மிகப் பழையதாகவும் இருக்கலாம், இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். நதோரி ஷுன்சென் 1925 முதல் 1929 வரை 36 நடிகர் முகங்களை வெளியீட்டாளர் வத்தனாபே ஷோசாபுரோவுக்காக வரைந்தார். அவையும் தரமான கையச்சுப் படங்களே.

அசலா என்பதைப் பொறுத்தவரை, பூதக்கண்ணாடியில் நிறம் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரிந்தால் அது இயந்திர அச்சு, பேச்சே இல்லை. புள்ளி இல்லாமல் நிறம் தாளின் இழைக்குள் இறங்கி, பின்பக்கம் வட்டவட்டமாகத் தேய்த்த தடம் தெரிந்தால் கையச்சு. ஆனால் புகழ்பெற்ற படங்களைப் பிற்காலத்தில் புதிதாகக் கட்டை செதுக்கி அச்சடித்திருக்கிறார்கள், ஷராக்குவை நிறையவே செய்திருக்கிறார்கள். அவையும் உண்மையான கையச்சுதான் என்பதால், அசல் பிரதியோடு கோட்டுக்குக் கோடு ஒப்பிடாமல் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, புகைப்படத்தில் நிச்சயமாக முடியாது. நிறத்தை வைத்து வயதைக் கணிப்பதும் வேண்டாம். பழைய நீலம் ஒரு பூவின் சாறு, ஈரமும் வெளிச்சமும் பட்டால் மங்கிப் பழுப்பாகிவிடும். குசும்பப்பூச் சிவப்பும் வெளிறிவிடும். இரண்டும் கலந்த ஊதா பழுப்பாகத் திரியும். படத்தைச் சட்டம் போட்டு வெயில் படும் சுவரில் மாட்டியிருந்தால் இன்றைக்கே இறக்கிவிடுங்கள்.

டோக்கியோ வாசெடா பல்கலைக்கழகத்தின் நாடக அருங்காட்சியகத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேல் நடிகர் படங்கள் இருக்கின்றன, இணையத்தில் இலவசமாகத் தேடலாம். நடிகர் பெயரையும் வேடத்தையும் ஜப்பானிய எழுத்தில் கொடுத்தால்தான் சரியாகக் கிடைக்கும். நீங்கள் செய்ய வேண்டியது: பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், சட்டைச் சின்னம், எழுத்து இருக்கும் இடங்கள், முத்திரைகள் ஒவ்வொன்றையும் நெருக்கமாக எடுத்து, தாளின் பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். நான்கு ஓரமும் தெரியட்டும், வெட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பெயரை வாசிக்கத் தெரிந்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். முத்திரை தெளிவாக இருந்தால் காலத்தை நானே சொல்கிறேன்.